நான் வெட்டாத கெண்டைகள்

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது மருமகள் செல்விக்கு வயிற்றில் ஆறாம் மாதம் பிறந்துவிட்டது என்ற சந்தோஷம் மட்டும்தான் மனதில் நின்றது. இரண்டாம் தரம்தான் கடைசிப் பக்கத்தின் அடியில் நீ சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தது கண்ணில் பட்டது. கிளினிக்கில் நேர்ஸ் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, செல்விக்குப் பிரஷர் கூடிக்கொண்டு வருகிறது, கால் வீங்கினாலோ தலை இடித்து வலித்தாலோ உடனே கூட்டிவர வேண்டும் என்று சொன்னாவாம். நீ அதைச் செல்வியிடம் சொல்லவில்லையாம். போன வருடம் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள், இதைக் கேட்டால் உடைந்துபோவாள் என்று நினைத்தாயாம். "எல்லாம் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். நீங்களும் வந்தா அப்பிடியே சொல்லுங்கோ அம்மா. எனக்கு இருக்கிற பயம் உங்களுக்கு விளங்காது" என்று முடித்திருக்கிறாய்.

எனக்கு விளங்காது என்று எழுதிவிட்டாயே, அதற்காகத்தான் இந்த நீண்ட கடிதம். நீ ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்த வெள்ளத்தில்தான் உன் அப்பாவின் இடது தோள் மூட்டு விலகியது, அதன் பிறகு அந்தக் கையை அவரால் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை என்பதும் தெரியும். சின்ன வயதில் அந்தத் தோளைத் தடவித் தடவி வெள்ளக் கதை கேட்பாய். அவரும் ஆற்றோர மரத்தில் தங்கியதில் இருந்து கதையைத் தொடங்குவார். அதற்கு முன்னே நடந்ததை நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. அந்த முன்கதை முழுக்க என்னுடையது.

நாங்கள் கலியாணம் கட்டிய அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தை விட்டுக் கனகராயன்குளத்துக்கு வந்தோம். உன் அப்பாவுக்கு ஆற்று மட்டம் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. பாலத்தடியில் ஆற்றுக்குள் நட்டிருந்த அளவுப் பலகையைக் காலையும் மாலையும் பார்த்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று கொப்பியில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. கோடையில் ஆறு காய்ந்து, மடுக்களில் மட்டும் தண்ணீர் தேங்கி, பலகையின் அடி வெறும் மணலில் நிற்கும்போதும் காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். "போகாமலே எழுதலாம்தானே, அங்கை என்ன தண்ணியோ நிக்குது?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த மனிதரோடு இருந்துகொண்டுதான் நான் பின்னால் ஒரு தவறான காரியத்தைச் செய்தேன்.

அங்கே வந்த முதல் மூன்று வருடத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்தது. மற்றது ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய மயிர் இருந்தது. உன் அப்பா பாலை மரத்தடியில் குழி வெட்டி அதைத் தாட்டுவிட்டு வந்து கை கழுவியதை நான் படுத்திருந்த இடத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இருவரும் பிள்ளை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அப்படி இருந்த காலத்தில்தான் அந்த ஆராய்ச்சிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். கொழும்பில் படிப்பிக்கிறவர், எங்கள் ஆள்தான், முப்பது வயது இருக்கும். ஐயா என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். அவர் தேடி வந்தது எங்கள் ஆற்றுக் கெண்டையை. விரல் நீளம்தான் இருக்கும், வாலடியில் ஒரு கறுத்தப் பொட்டு. விற்கவும் ஆகாது, ஒரு சட்டி கறிக்கு ஐம்பது பிடிக்க வேண்டும். அது எந்த மாதத்தில் எவ்வளவு வளர்கிறது, எப்போது சினைப்படுகிறது, எப்போது முட்டையிடுகிறது, எத்தனை முட்டை என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லையாம். ஆற்று மட்டம் எழுதுகிறவர் மீனையும் மாதம் முப்பது பிடித்து அளந்து எழுதித் தந்தால், தண்ணீரையும் மீனையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார். உன் அப்பா ஓம் என்றார். ஆனால் முதல் மீனின் வயிற்றைக் கீறிய உடனே முகம் வெளுத்து, வேலிப்பக்கம் போய்ச் சத்தி எடுத்தார். அவருக்கு இரத்தம் கண்டால் ஆகாது. நான்தான் அவர் கையில் இருந்த சவர பிளேட்டை வாங்கினேன். "தாருங்கோ, நான் பாக்கிறன். கறிக்கு வெட்டுறதுதானே" என்றேன்.

கறிக்கு வெட்டுவது போல அது இல்லை. நீளத்தை அளக்க ஒரு பலகை, நிறுக்க மருந்துக்கடைத் தராசு போல ஒன்று, ஒரு பூதக்கண்ணாடி, ஊசிகள், மூக்கை அரிக்கும் மருந்துத் தண்ணீர் நிரம்பிய போத்தல்கள். செதிலில் இரண்டை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். தீனி உள்ள காலத்தில் வளையங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், தண்ணீர் வற்றிய மாதங்களில் நெருக்கமாக இருக்கும். முதல் வருடத்தில்தான் அது மளமளவென்று வளர்கிறது, சினைப்படத் தொடங்கினால் வளர்ச்சி மந்தமாகிறது என்பதை அந்த வளையங்களில் நானே கண்டேன். பெண் மீன் ஆணை விடப் பெரிது. வயிற்றைத் திறந்தால், இளசுக்கு நூல் போல ஒன்றுதான் இருக்கும், ஆணா பெண்ணா என்றே சொல்ல முடியாது. பிறகு அது தடித்து, ரவை போல வெள்ளை மணிகள் வரும். பிறகு மஞ்சளாகி, குடலை ஒருபக்கம் தள்ளிக்கொண்டு வயிற்றை நிரப்பும். முட்டையிட்டு முடித்ததற்குப் பை சுருங்கி, இரத்தம் கன்றியது போலக் கிடக்கும். இவற்றை ஐந்து நிலையாகப் பிரித்து எழுதச் சொல்லித் தந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தத் தாள்களில் என் எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்தப் பெருமையை நான் எப்படிக் கெடுத்தேன் என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வைகாசியில் நீ வயிற்றில் இருப்பது தெரிந்தது. ஆவணி வரைக்கும் ஒன்றும் பேதமில்லை. அந்த மாதங்களில் கெண்டைக்கு வயிறு ஒட்டித்தான் இருக்கும். ஆவணிக் கடைசியில் மணிகள் தென்படத் தொடங்கின. அன்றைக்கு முற்றத்தில் பலகையை வைத்துக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வளவுப் பராசக்தியக்கா உப்புக் கேட்டு வந்தவ, என் கையில் பிளேட்டையும் திறந்த வயிற்றையும் கண்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டா.

"என்னடி பிள்ளை இது? வயித்துப்பிள்ளைக்காரி சினைமீன்ர வயித்தைக் கீறுறியோ?"

"ஆராய்ச்சிக்கு அக்கா."

"ஆராய்ச்சியோ? ரெண்டு போனது காணாதோ உனக்கு?" என்றா. சொன்ன உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டா. கெட்ட மனுசி இல்லை. இரண்டாவது பிள்ளைக்கு மூன்று நாள் எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தவ அவதான். அதனால்தான் அந்தச் சொல் நேரே உள்ளே போய் இருந்துகொண்டது. உப்பை வாங்காமலே போய்விட்டா.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ வயிற்றுக்குள் அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். குசினிக்குள் அடுப்படியில் நின்றால் மீனின் மஞ்சள் பை கண்ணுக்கு முன்னால் வரும். இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தபோது நான் ஒரு மீனையும் ஆராய்ச்சிக்கு வெட்டியதில்லை, அது வேறு காலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தென்ன? ஊரில் பிள்ளை பிறக்கப் பார்க்கிறவ மரியாம்மாக்கா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டவ. ஒருநாள் அவவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சிரித்தா. "எங்கட ஆக்கள் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கையும் சினைமீன் வெட்டாத நாளில்லை. உது உண்மையெண்டால் கரையில ஒரு குஞ்சு பிறந்திராது" என்றா. அவ சொல்லும்போது நெஞ்சு லேசாகும். வீட்டுக்கு வந்து பிளேட்டைக் கண்டால் திரும்பவும் கனத்துவிடும்.

புரட்டாதி மாதத்து முப்பது கெண்டையும் வாளியில் உயிரோடு வந்தபோது என்னால் ஒன்றையும் தொட முடியவில்லை. உன் அப்பா வாளியை வைத்துவிட்டு மட்டம் பார்க்கப் போயிருந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் மடுவில் கவிழ்த்துவிட்டு வந்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்து, தாளை எடுத்து, போன வருடத்துத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அங்கே ஒன்று கூட்டி இங்கே ஒன்று குறைத்து முப்பது மீனையும் எழுதினேன். கை கூசவில்லை. அன்றைக்குச் சோறு சாப்பிட்டேன். ஐப்பசியிலும் அப்படியே. கார்த்திகையில் அதைவிட மோசமானதைச் செய்தேன். அந்த வருடம் முன்மழை பொய்த்து, ஆறு ஓடத் தொடங்கவே இல்லை. கெண்டைகள் சினையை வைத்துக்கொண்டு மடுவிலேயே காத்திருந்தன. வாளியில் இருந்து கவிழ்க்கும்போது வயிறுகள் புடைத்திருப்பதை என் கண் கண்டது. ஆனால் தாளில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஐந்தாம் நிலை என்று எழுதினேன். முட்டையிட்டு முடிந்த, வெறும் வயிறு. அப்படி எழுதினால் இனிச் சினைமீன் இல்லை, இனி என்னை ஒருவரும் வெட்டச் சொல்லமாட்டார்கள் என்ற ஒரே எண்ணம்தான். மூன்று மாதத்துத் தாளும் தபாலில் போயின. உன் அப்பாதான் முத்திரை ஒட்டிப் போட்டார்.

இப்போது மதகைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய தெருவுக்குக் கீழே ஒரு மதகு இருந்தது. மாரித் தண்ணீர் வரும்போது கெண்டைகள் அதற்குள்ளால்தான் மேற்பக்கத்துப் புல்வெளிக்கு ஏறிப் போய்ப் புல்லில் முட்டையை ஒட்டும். சனங்கள் அந்த இடத்தில் தடி நெருக்கிக் கட்டிய தட்டியை வைத்து மறித்து மீன் பிடிப்பது வழக்கம். உன் அப்பாவுக்கு அது பிடிக்காது. பெருந்தண்ணீர் வந்தால் அடைத்துக்கொள்ளும் என்பார், ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆராய்ச்சி ஐயா வந்து, மீன் முட்டையிட்டு முடியும் மட்டும் தட்டி வைக்காதீர்கள் என்று ஊரை நிர்வகிக்கும் விதானையாரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் அடங்கினார்கள். என் தாள்களைப் பார்த்த ஐயா, மார்கழி பிறக்க முன்னமே விதானையாருக்குக் கடிதம் எழுதினார். கெண்டை முட்டையிட்டு முடிந்துவிட்டது, சனங்கள் இனித் தட்டி வைக்கலாம், பொறுத்திருந்ததற்கு நன்றி என்று. உன் அப்பா அந்தச் செய்தியைச் சொன்னபோது நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைப்பதை நிறுத்தாமல் "அப்பிடியோ" என்றேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் போதும், மகனே. திறக்கவில்லை.

தட்டியைக் கட்டியது பராசக்தியக்காவின் புருசனும் இன்னும் நாலைந்து பேரும். முதல் மழை பெய்து ஆறு மெல்ல ஓடத் தொடங்கிய அன்றே பராசக்தியக்கா ஒரு சட்டியில் கெண்டை கொண்டுவந்தா. "பாரன் பிள்ளை, எல்லாம் சினை. நீ வெட்ட வேண்டாம், நானே துப்பரவாக்கித் தாறன்" என்று சொல்லிக் குசினிக்குள் போனா. சட்டியில் கிடந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனையும் நான் வெறும் வயிறு என்று எழுதிய மீன்கள். கறியை உன் அப்பா சாப்பிட்டார். நான் பசியில்லை என்றேன்.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. மேலே குளங்கள் உடைப்பெடுக்கின்றன என்று தெருவால் வந்தவர்கள் சொன்னார்கள். உன் அப்பா மணிக்கொரு தரம் பாலத்தடிக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் காலை வந்தவர், அளவுப் பலகையே தெரியவில்லை என்றார். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். மத்தியானம் அளவில் பராசக்தியக்காவின் புருசன் ஓடி வந்தார். "மதகு அடைச்சுப்போச்சு! தட்டியில மரமும் குப்பையும் வந்து இறுகிப்போய்க் கிடக்கு. தண்ணி தெருவால ஏறுது, வீடுகளுக்கை வரப்போகுது" என்று கத்தினார். உன் அப்பா கொடுவாக்கத்தியை எடுத்தார். எனக்கு ஒன்பதாம் மாதம். வாசலில் குறுக்கே நின்றேன்.

"இஞ்சேருங்கோ, போகாதேங்கோ. நீங்களோ தட்டி வைச்சது? வைச்சவை வெட்டட்டும்."

"அவைக்கு ஆத்தைத் தெரியாது. ஒரு கயிறு அறுத்தால் காணும், நான் வந்திடுவன். நீர் சாமானைக் கட்டி வையும், பள்ளிக்கூடத்துக்குப் போகோணும்" என்றார்.

"தட்டி நிக்கிறது என்னாலதான்" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போனார். நான் சாமானைக் கட்டவில்லை, மழைக்குள் அவருக்குப் பின்னாலேயே போனேன். தெருவில் நின்று பார்த்தேன். அரையில் கயிறு கட்டி, இரண்டு பேர் பிடித்திருக்க, அவர் இறங்கினார். தட்டியின் மேல் கயிற்றை வெட்டினார். இரண்டாவதை வெட்டினார். மூன்றாவதை ஓங்கும்போது தட்டி ஒருபக்கம் பிளந்து, மரம், குப்பை, தெருவின் ஓரம் எல்லாம் சேர்ந்து சரிந்தது. கயிறு பிடித்தவர்களின் கையில் அறுந்த முனைதான் இருந்தது. ஒரு தரம் அவருடைய தலை தெரிந்தது. பிறகு தண்ணீர் மட்டும்தான்.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. கால் வழியே சூடாகத் தண்ணீர் இறங்கியது நினைவிருக்கிறது. பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது. மரியாம்மாக்காவும் பராசக்தியக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் இருந்து படிக்கிற நீள வாங்குகள் இரண்டைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். ஊர்ச்சனம் மற்றப் பக்கத்தில் இருந்தது, நடுவில் ஒரு சேலை கட்டியிருந்தது. எனக்கு ஒவ்வொரு நோவு வரும்போதும் புருசன் போய்விட்டார், இனிப் பிள்ளையும் போகும், இரண்டையும் நானே எழுதி அனுப்பினேன் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பொழுது படமுன் நீ பிறந்தாய். சத்தமில்லை. நீலமாக இருந்தாய். மரியாம்மாக்கா உன் காலைப் பிடித்துத் தூக்கி, வாய்க்குள் விரல் விட்டுத் துடைத்து, முதுகைத் தேய் தேய் என்று தேய்த்தா. "மாதாவே, அழடா, அழடா" என்றா. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு வருடம் போல இருந்தது. பிறகு பூனை போல ஒரு சத்தம் கேட்டது. பராசக்தியக்கா சேலைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் "பொடியன்!" என்று சொல்லிவிட்டு அழுதா. நான் அழவில்லை. உன்னைப் பார்க்கவே பயந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

உன் அப்பா அடுத்த நாள் பின்னேரம் வந்தார். கீழே ஒரு மருதமரம் அவரைப் பிடித்துக்கொண்டதாம். அவர் அப்படித்தான் சொல்வார், தான் மரத்தைப் பிடித்ததாகச் சொல்லமாட்டார். வண்டிலில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். தோள் விலகித் தொங்கியது. நல்ல கையால் உன் தலையைத் தொட்டுப் பார்த்தார். "உயிரோடையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

பொங்கலுக்குப் பிறகு தெரு திறந்ததும் ஆராய்ச்சி ஐயா வந்தார். உன் அப்பா யாழ்ப்பாணத்தில் வைத்தியரிடம் தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. எங்கள் நிலைமையைக் கண்டு வருத்தப்பட்டார். கைப்பையில் இருந்து என் மூன்று தாள்களையும் எடுத்து, "அக்கா, ஆத்து மட்டக் கணக்கை இப்பதான் சேத்துப் பாத்தனான், இந்தக் கார்த்திகைக் கணக்கில எனக்கு ஒரு சந்தேகம். ஆறு ஓட முன்னமே எப்பிடி எல்லாம் முட்டையிட்டு முடிஞ்சுது?" என்று கேட்டார். வேறு ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். என்னால் இனித் தாங்க முடியவில்லை.

"பொய் ஐயா. மூண்டும் பொய். நான் ஒரு மீனையும் வெட்டேல்லை."

"ஏன்?"

"பயந்திட்டன். இவனுக்கு ஏதாவது வந்திடும் எண்டு."

அவர் சேலையில் கட்டிய ஏணையில் கிடந்த உன்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபிப்பார், தாள்களைக் கிழிப்பார் என்று நினைத்தேன். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. "தட்டி வைக்கலாம் எண்டு நான்தானே எழுதினனான்" என்றார். போகும்போது பேனையை எடுத்து மூன்று தாளுக்கும் குறுக்கே கோடு போட்டார். "ஒரு வருசம் பிந்தும், பரவாயில்லை. வாற புரட்டாதியில இருந்து திரும்பச் செய்வமோ? உங்களுக்கு ஏலுமெண்டால் மட்டும்" என்று கேட்டார். பயம் போகாவிட்டால் தனக்கு ஒரு வரி எழுதிப்போடச் சொன்னார். வெட்ட முடியவில்லை என்று எழுதினாலும் அது தனக்கு உதவும், பொய்க்கணக்குத்தான் உதவாது என்றார்.

அடுத்த புரட்டாதியில் நான் திரும்ப வெட்டினேன். துணிச்சலாகச் செய்தேன் என்று நினைக்காதே. முதல் மீனில் பிளேட்டை ஆழமாக இறக்கி, பையைக் கிழித்துவிட்டேன். அதே வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாவற்றையும் எடுத்து வேலிக்கு வெளியே வீசிவிட்டு, மூன்று நாள் உன்னை மடியில் இருந்து இறக்கவில்லை. மரியாம்மாக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்லு வருகுது, அதுக்குத்தான் இந்தக் காய்ச்சல். கெண்டைக்கு வேறை வேலையில்லையோ?" என்று ஏசிவிட்டுப் போனா. நாலாம் நாள் வேலிக்கு வெளியே போய்ப் பலகையைத் தேடி எடுத்துவந்து கழுவினேன். அந்த மாதத் தாளில் முப்பதுக்குப் பதிலாகப் பதினொன்றுதான் எழுதினேன். கீழே, மிகுதியை வெட்டவில்லை, மகனுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன்.

அந்த மாரியில் பெரிய பெண் கெண்டை ஒன்றைத் திறந்து, பையை ஈரத்துணியில் வைத்து, ஊசியால் ஒவ்வொரு முட்டையாகத் தள்ளி எண்ணினேன். ஒரே பைக்குள் மூன்று வகை இருந்தது. பெரிய மஞ்சள் மணி, சின்ன வெள்ளை மணி, கண்ணாடிக்குக் கீழே மட்டும் தெரிகிற புள்ளி. ஐயாவுக்கு எழுதினேன். அவர் அந்தக் கடிதத்துக்கு ஓடியே வந்தார். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் இடுவதில்லை, தண்ணீர் ஏறும்போது ஒரு பங்கு, அடுத்த தரம் ஏறும்போது மற்றப் பங்கு என்று இடுகிறது என்றார். என் பொய்த்தாள்களை வைத்திருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். அதையும் அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. நான் பார்க்காமல் எழுதிய வேறு எவையெல்லாம் எங்கே போய் என்ன செய்திருக்கும் என்றுதான் தோன்றியது.

உன் அப்பாவிடம் நான் சொன்னது நீ முதலாம் வகுப்புக்குப் போன வருடம். ஆறு வருடம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை அவர் சட்டை போட அந்தக் கையை மற்றக் கையால் தூக்கும்போதும் சொல்ல நினைப்பேன். ஒருநாள் அப்படி அவருக்கு நான் சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டு நிற்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தோளைப் பற்றிக் கேட்கவில்லை. "மூண்டு மாதமுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். பொத்தான்களைத் தானே பூட்டிக்கொண்டு மட்டம் பார்க்கப் போனார். அன்றைக்கு வழக்கத்தை விடப் பிந்தி வந்தார். அந்தக் கதையை அவர் பிறகு எடுக்கவே இல்லை. என்னை அன்பாகத்தான் வைத்திருந்தார், சாகும் மட்டும் ஒரு சுடுசொல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ஏதாவது சொன்னால், ஓம் என்று சொல்ல முன்னம் ஒரு நொடி நிற்பார். அந்த ஒரு நொடியை இருபது வருடம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இப்போது உன் விசயத்துக்கு வருகிறேன். நீ அவளுக்குப் பொய் சொன்னது அன்பால்தான், எனக்குத் தெரியும். நான் மீனை மடுவில் கவிழ்த்ததும் உன்மேல் வைத்த அன்பால்தான். ஆனால் கால் வீங்கப்போவது செல்விக்கு. தலை இடிக்கப்போவதும் அவளுக்கு. எல்லாம் நல்லாயிருக்கு என்று நீ சொல்லி வைத்திருப்பதால், தலை இடித்தால் வெயில் என்று நினைத்து ஒரு கோப்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பாள். நீ கந்தோரில் வேலையில் இருப்பாய். அதை நினைத்து நேற்று முழுக்க எனக்குக் கை வேலை ஓடவில்லை. அவள் அழுவாள், பயப்படுவாள். பயந்தால் பயப்படட்டும், காலைக் குனிந்து பார்ப்பாள். வேறு சாட்டுச் சொல்லி அவளைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்ததாக எழுதியிருந்தாயே, அது ஏன் என்றும் சொல்லு. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் அவள், என்னை விடப் படித்தவள். அவளுடைய உடம்பின் கணக்கை அவள் பார்க்காமல் நீ எழுதாதே. உப்பைக் குறை, கிளினிக் நாளைத் தவறவிடாதே, மற்றதை நேர்ஸிடம் அவளையே கேட்கச் சொல்லு.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வவுனியாவுக்கு வருகிறேன். செல்வி வாசல் படலையடிக்கு வந்து என் பையை வாங்குவாள், எப்படி இருக்கிறாய் பிள்ளை என்று நான் கேட்பேன். அவள் சொல்லும் பதிலில் நீ சொன்னாயா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும். சொல்லியிராவிட்டால் அந்தப் படலையடியிலேயே நான் சொல்லுவேன். என் வாயால் அவள் அதைக் கேட்கும்படி வைக்காதே. இதை வாசிக்கிற அன்றைக்கே பின்னேரம் அவள் பக்கத்தில் போய் இருந்து சொல்லு.

அம்மா